நெடுந்தீவு வரலாற்று நூல்: இன்னும் ஆறரை இலட்சம் ரூபா தேவை

அன்பான நெடுந்தீவு உறவுகளுக்கு,

இறைவன் அருளால் நம் ஊரின் ஆதி வரலாற்று நூல் அச்சுக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டது. காசுதான் போதவில்லை. அச்சகம் தந்த விலை இந்த மாதம் 30 ஆம் திகதி வரைக்கும்தான். அதற்குப் பிறகு தாள் விலை ஏறினால் நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தீவில் திரியும் குதிரையையும் பருத்த பெருக்கமரத்தையும் படம் பிடித்துவிட்டுக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகேறுகிறவர்கள் பலர். நம் கதை குதிரையோடு தொடங்கியதல்ல. போர்த்துக்கேயர் நம் தீவை மாட்டுத்தீவு என்றார்கள். ஒல்லாந்தர் தங்கள் நகரத்தின் பெயரால் டெல்ஃப்ட் என்றார்கள். இவர்கள் வருமுன்பே இங்கே ஊர் இருந்தது. மேற்கே இருப்பது, கதைகளில் வரும் நம் சிற்றரசன் வெடியரசனின் கோட்டை என்று நம் மூத்தவர்கள் சத்தியம் பண்ணுவார்கள். அங்குள்ள முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) கட்டட எச்சங்களைப் பௌத்த தூபிகளின் அடித்தளம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இரண்டையும் நூலில் சேர்த்திருக்கிறோம். தமிழரும் பௌத்தராக வாழ்ந்த காலம் ஒன்று இருந்ததுதானே. இதற்காகக் கோபித்துக்கொண்டு கொடுத்த காசைத் திருப்பிக் கேட்க வேண்டாம்!

கல்வேலிக்கு ஒரு முழு அத்தியாயம். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. பெரிய முருகைக்கல் அடியில், மேலே போகப்போகச் சிறியது, இடுக்குக்குச் சில்லுக்கல். அடுக்கத் தெரிந்த பெரியவர்கள் செய்துகாட்டக் கேட்டு எழுதினோம். இப்போது வேலி சரிந்தால் முள்ளுக்கம்பிதான் வருகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். 500 பிரதிகள் அச்சிட்டுக் கட்ட 1,150,000 ரூபா. படங்களுக்கும் வரைபடங்களுக்கும் 250,000. பக்க வடிவமைப்புக்கு 200,000. மொத்தம் 1,600,000. சேர்ந்தது 950,000. பாக்கி 650,000.

இதுவரை தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிரித்துத் தந்த ஆசிரியை, நண்டு விற்ற காசைச் சுருட்டிக் கையில் வைத்த தொழிலாளி, பெயர் போடவேண்டாம் என்று சொல்லிக் கனடாவிலிருந்து அனுப்பிய சகோதரர்கள், அம்மாவின் திவசச் செலவைக் குறைத்துத் தந்த குடும்பம், கோயிலிலும் தேவாலயத்திலும் நமக்காக வாய்திறந்து கேட்டவர்கள், எல்லோரையும் கடவுள் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

தருகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுக்காதவர்களும் இருக்கிறார்கள். மரண அறிவித்தலில் ‘நெடுந்தீவைப் பிறப்பிடமாகக் கொண்ட’ என்று மறக்காமல் போடுகிறோம். அந்தப் பிறப்பிடத்துக்கு உயிரோடு இருக்கும்போதே ஒரு பத்தாயிரம் தரக் கூடாதா?

பொருளாளரிடம் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பெற்றோர் நினைவாகத் தருபவர்கள் அந்தப் பெற்றோரின் பெயரை 25 ஆம் திகதிக்குள் பிழையில்லாமல் எழுதி அனுப்புங்கள். அப்புறம் திருத்த முடியாது.

நூல் வெளியீட்டுக் குழு
நெடுந்தீவு