அந்த நான்கு நிமிடம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வேலை அதிகம் என்று சொன்னால் வழக்கம்போல் நம்பமாட்டாய், இந்த முறை நிஜம். திரைக்கு முன்னால் உட்கார்ந்து இயற்பியல் படிக்கிற பிள்ளைக்குச் சலிப்புத் தட்டிவிட்டது என்று கணினிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். தெரியாது. ஊகிக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஊகத்தைக் கற்றுக்கொடுக்க முதலில் மனிதர்கள்தான் வகுப்பில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பிராம்ப் என்று ஒரு முறை உண்டு. ஒரு பிள்ளையைக் கடைக்கண்ணால் அதிகபட்சம் 20 நொடி பார்த்து, ஈடுபாடா, குழப்பமா, எரிச்சலா, சலிப்பா என்று குறித்துக்கொண்டு அடுத்த பிள்ளைக்கு நகர்ந்துவிட வேண்டும் (முறைத்துப் பார்த்தால் எந்தப் பிள்ளை இயல்பாக இருக்கும்?). அப்புறம் அதே நேரத்தில் அந்தப் பிள்ளை எதைச் சொடுக்கியது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது, ஒரே சோதனையை எதையும் மாற்றாமல் எத்தனை தடவை ஓட்டியது என்ற பதிவுகளோடு அந்தக் குறிப்புகளைப் பொருத்தி, ஊகிக்கிற கணினி மாடலைப் பழக்குகிறோம். இதற்குக் கேமராவே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மாணவர்களின் முகத்தை வைத்து உணர்ச்சியை ஊகிப்பதை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரியிலிருந்து தடையே செய்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

என்னைத் தூங்கவிடாதது வேறு. போன மாதம் ஒரு பையன், மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் முடுக்கம் பூஜ்யம் என்று தப்பாகப் பதில் சொன்னான். திரையில் முடுக்கத்தைக் காட்டும் கீழ்நோக்கிய அம்பு உச்சியிலும் அப்படியே இருந்தது. நான்கு நிமிடம் மவுஸைத் தொடவில்லை. நாங்கள் கட்டிய மாடல் 'சலிப்பு' என்று முடிவுகட்டி, விடையை ஏறக்குறைய சொல்லிவிடும் ஒரு குறிப்பை நீட்டியது. அவன் படித்தான், 'அடுத்து' அழுத்தினான், போய்விட்டான். அவன் எழுந்துபோன பிறகு மேசையில் இருந்த தாளைப் பார்த்தேன். பந்து ஏறும்போது ஒன்று, உச்சியில் ஒன்று, இறங்கும்போது ஒன்று என மூன்று அம்பு வரைந்து, நடு அம்பை அடித்து, மறுபடி வரையத் தொடங்கியிருந்தான்.

படிக்கும்போது வரும் உணர்ச்சிகளை ஆராய்ந்த டிமெல்லோவும் கிரேசரும் 2012-லேயே எழுதியதுதான் இது: ஈடுபாட்டோடு படிப்பவர் ஒரு முரணில் மோதிக் குழம்புகிறார், குழப்பம் தீர்ந்தால் ஈடுபாட்டுக்குத் திரும்புகிறார், தீராமல் இழுத்தால் எரிச்சல், அதற்கப்புறம் சலிப்பு. எனக்கு மனப்பாடம். இருந்தும் அந்தப் பையனின் குழப்பத்தை நாங்களே பிடுங்கிவிட்டோம்.

குறிப்பு வரும் நேரத்தைத் தள்ளிவைக்கலாம் என்று சொன்னேன். உண்மையிலேயே மாட்டிக்கொண்டு தவிக்கிற பிள்ளையை என்ன செய்வாய் என்று குழுவில் கேட்டார்கள், நியாயமான கேள்விதான், பதிவில் இரண்டு மௌனமும் ஒரே மாதிரிதான் தெரியும். நீ இத்தனை வருஷம் வகுப்பில் நின்றவன், யோசிக்கிற மௌனத்தையும் கைவிட்ட மௌனத்தையும் எதை வைத்துப் பிரிக்கிறாய்? அனுபவம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே, கண்ணா, கையா, உட்காரும் விதமா, விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்