கீழ் செட்டும் இரண்டு திருகும்

பாளையங்கோட்டை

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்ததில் சந்தோஷம். இனி பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடும் வேலை உன் தலையில். இங்கே நல்ல மழை, கிணறு நிறைந்துவிட்டது. கொல்லைக் கொய்யா காய்த்துத் தள்ளுகிறது. அதைத் துண்டு போட்டு மென்று தின்கிறேன் என்றால் நம்புவாயா?

கீழே மிச்சம் இருந்த நாலு பல்லையும் பிடுங்கியாயிற்று, கட்டின பல் செட் டப்பாவில்தான் கிடக்கிறது என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என் கதையும் அதேதான். மேல் செட்டால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அது அண்ணம் முழுக்கப் படிந்து உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. கீழ் செட்டுக்கு அந்த வசதி ஏது? லாடம் மாதிரி மெலிந்த ஒரு வளைவு, நடுவில் சும்மா இருக்காத நாக்கு. போதாததற்கு, பல் போன இடத்து எலும்பும் வருஷா வருஷம் கரைந்து மேடு தட்டையாகிவிடுகிறது. வகாரம் மேற்பல்லும் கீழுதடும் சேரப் பிறப்பது என்று முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் நான். வாசலில் ஒருவரை "வாங்க" என்று கூப்பிட்டால் எனக்கு முன்னால் கீழ் செட் எழுந்து வரும்.

ஒரு கல்யாணப் பந்தியில் அதிரசத்தோடு ஒட்டிக்கொண்டு மொத்தமும் இலையில் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் பார்க்காத மாதிரி திரும்பி இன்னொரு கை ரசம் கேட்டார். அந்த நாகரிகம்தான் எனக்கு அதிகம் வலித்தது. அப்புறம் இரண்டு வருஷம், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மொய் எழுதிவிட்டு, வயிறு சரியில்லை என்று திரும்பிவிடுவேன்.

முதலில் போன பல் ஆஸ்பத்திரியில் மேலும் கீழும் நிரந்தரமாகவே பொருத்திவிடலாம், நாலு லட்சம், இந்த வாரமே பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். ஜவுளிக்கடையாடா அது? எழுந்து வந்துவிட்டேன். அடுத்துப் பார்த்தது வயதான ஒரு பல் டாக்டர் அம்மா. வாயைப் பார்த்துவிட்டு, "மேல் செட் நல்லா உட்கார்ந்திருக்கே, அதை ஏன் தொடணும்? கீழே ரெண்டு இம்ப்ளாண்ட் போதும், அதுமேல கழற்றி மாட்டுற செட்" என்றார். இம்ப்ளாண்ட் என்றால் தாடை எலும்பில் பதிக்கிற திருகு, டைட்டானியம் என்கிற உலோகத்தில் செய்தது. பையன் வீட்டில் தேடிப் பார்த்தான். 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களும், கீழே ஒரு பல்லும் இல்லாதவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதுதான் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

இந்த டைட்டானியம் சமாசாரம் தொடங்கிய விதம் உனக்குப் பிடிக்கும். சுவீடனில் பிரோனெமார்க் என்று ஒரு டாக்டர், 1950-களில் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க முயலின் காலில் சின்ன டைட்டானியக் கூடு ஒன்றைப் பதித்தார். வேலை முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டுவிட்டது. 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் போட்டார். அந்த மனிதர் நாற்பது வருஷத்துக்கு மேல் அதே திருகுகளோடு வாழ்ந்து முடித்தார்.

எனக்கு ஸ்கேன் எடுத்து, கோரைப்பல் இருந்த இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டார்கள். உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அதற்குப் பின்னால் இருப்பதால் அந்த இடம் பத்திரமாம். மரத்துப்போக ஊசி, ஒரு மணி நேரம். பிடுங்கும்போது பட்ட பாட்டில் பாதிகூட இல்லை. கஷ்டம் அதற்கப்புறம்தான்: எலும்பு பிடிக்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை கூழ், இட்லி, குழைந்த சோறு. பிறகு திருகின் தலையில் ஒரு குமிழ், செட்டின் அடியில் அதற்கேற்ற நைலான் வளையம். ரவிக்கை டிச் பட்டன் மாதிரி 'டக்' என்று உட்காரும். அந்தச் சத்தத்தை முதல் தடவை கேட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் ஆயிற்று.

சொந்தப் பல் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அடிப்பக்கம் வேர்க்கடலைத் துணுக்கு புகுந்தால் எழுந்து போய்க் கழுவித்தான் ஆக வேண்டும். நைலான் வளையம் தேயும். பத்தாவது மாதமே எனக்கு மாற்றினார்கள். கடித்து மாட்டக் கூடாது, விரலால் அழுத்த வேண்டும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், வெந்நீர் ஆகாது, வளைந்துவிடும். குமிழைச் சுற்றித் தினமும் பிரஷ் போடாவிட்டால் ஈறு வீங்கி, கடைசியில் எலும்பே இறங்கிவிடும் என்று அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் மிரட்டுகிறார்.

உன்னிடம் இரண்டு வில்லங்கம். ஒன்று சர்க்கரை. மூன்று மாதச் சராசரி கட்டுக்குள் இல்லாமல் நல்ல டாக்டர் கை வைக்க மாட்டார். இன்னொன்று நீ மறைத்து வைத்திருக்கும் சிகரெட். ஆறமாட்டேன் என்கிற புண்ணுக்கும் பிடிக்கமாட்டேன் என்கிற திருகுக்கும் அதுதான் பாதி காரணமாம். தங்கச்சியையும் அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறாய். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை போடுகிறதல்லவா, அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லச் சொல். தாடை எலும்பு ஆறுவதில் அந்த மாத்திரையால் சிக்கல் வரலாம்.

கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது சம்பள நாளில் கடலை மிட்டாய் வாங்கி ஸ்டாஃப் ரூமில் கடகடவென்று கடிப்போமே, அது மட்டும் இன்னும் கூடாதாம். நான் உரலில் இடித்துத் தின்கிறேன். தையில் வந்தால் உனக்கும் ஒரு பங்கு இடித்துத் தருகிறேன். அதற்குள் ரத்தப் பரிசோதனை செய்து நம்பரை எழுது. குறைத்து எழுதினால் தங்கச்சியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

உன்,
சங்கரன்