கோரிக்கை மனு: நோயாளி சீட்டுல வேலைக்கும் வீட்டுக்கும் ஒரு கட்டம் வேணும்

பெறுநர்: மாண்புமிகு சுகாதாரத்துறை அமைச்சர் அவர்கள்
நகல்: தொழிலாளர் நலத்துறை, வீட்டு வசதித்துறை, குடிநீர்த்துறை செயலாளர்கள்

பொருள்: அரசு மருத்துவமனைகள்ல நோயாளியோட வேலை, வீடு, தண்ணி நிலவரத்த கேட்டு பதிவு பண்ணவும், அத வச்சு மற்ற துறைகள் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவு போடக் கோரி.

ஐயா,

வணக்கம். நான் டாக்டரோ நர்ஸோ இல்ல, அக்காவ கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு போயிட்டு வர்ற தம்பி. மனசுல இருக்குறத பேசுற மாதிரியே எழுதுறேன்.

அக்கா ஒரு தையல் யூனிட்ல வேலை பாக்குறாங்க. ஒரே வருஷத்துல நாலு தடவ யூரின் இன்ஃபெக்ஷன். நாலு தடவையும் டெஸ்ட், ஆன்டிபயாடிக், தண்ணி நிறைய குடிங்கம்மான்னு அட்வைஸ். டாக்டர்கள் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லங்க, வெளிய அவ்வளவு கூட்டம் நிக்குது, ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சாலே பெருசு, அதுலயும் அன்பாத்தான் பேசுனாங்க. ஆனா நீங்க ஏன் தண்ணி குடிக்கிறதில்லன்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா அக்கா சொல்லியிருப்பாங்க. அங்க பாத்ரூம் போகணும்னா சூப்பர்வைசர்கிட்ட டோக்கன் வாங்கணும், ரெண்டு தடவைக்கு மேல கேட்டா எல்லார் முன்னாடியும் பேச்சு வாங்கணும், எழுந்து போன நேரத்துக்கு தைச்ச பீஸ் கணக்கும் குறையும், அதனால காலையில இருந்து வாயில தண்ணியே படாம இருந்து பழகிட்டாங்க. கூட வேலை பாக்குற பாதிப்பேர் இப்படித்தான் இருக்காங்களாம்.

கிருமி தான் நோய் குடுத்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா அந்த கிருமிக்கு வருஷத்துக்கு நாலு தடவ கதவ திறந்து விட்டது அந்த டோக்கன் தானே? அக்காவோட சீட்ட எடுத்து பாத்தேன். வயசு இருக்கு, எடை இருக்கு, பிபி இருக்கு. என்ன வேலை, எத்தன மணி நேரம், வீட்ல எத்தன பேர், சுவர்ல ஈரம் இருக்கா, தண்ணி வருதா, இதுக்கெல்லாம் ஒரு கட்டம் கூட இல்ல. எழுத இடமே இல்லாத காரணத்துக்கு யார் வைத்தியம் பாப்பாங்க?

இது நான் புதுசா கண்டுபிடிச்சு சொல்றது இல்லங்க. 1848-ல மேல் சைலீசியாவுல (இப்போ பெரும்பாலும் போலந்துல இருக்குற பகுதி) பேன் மூலமா பரவுற டைபஸ் காய்ச்சல் வந்தப்போ, அத ஆண்ட பிரஷ்ய அரசாங்கம் ருடால்ஃப் விர்ஷோங்குற இளம் டாக்டர அனுப்பி என்னன்னு பாத்துட்டு வரச் சொல்லுச்சு. அவர் திரும்பி வந்து மருந்து லிஸ்ட் மட்டும் குடுக்கல, அந்த ஜனங்களுக்கு படிப்பு வேணும், அவங்க மேல இருக்குற வரிச்சுமைய மாத்தணும், ரோடு வேணும், தங்களத் தாங்களே ஆள்ற உரிமை வேணும்னு எழுதிக் குடுத்தாரு. அரசாங்கத்துக்கு அது புடிக்கல, அது வேற விஷயம். டிபியும் அப்படித்தான். அதுக்கு முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்சது 1943-ல, ஆனா இங்கிலாந்துல டிபி சாவு அதுக்கு ரொம்ப முன்னாடியே பாதிக்கும் கீழ குறைஞ்சு போச்சு. சாப்பாடா, வீடா, சுகாதாரமா, எதனால எவ்வளவு குறைஞ்சதுன்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ள இன்னும் வாதம் இருக்கு, ஆனா அந்த மருந்து வர்றதுக்கு முன்னாடி குறைஞ்சதுக்கு அந்த மருந்து காரணமா இருக்க முடியாதே.

பழைய கதைன்னு நினைக்க வேண்டாம், ஜார்க்கண்ட்ல டிபி நோயாளிகளோட குடும்பங்களுக்கு மாசாமாசம் சத்தான உணவுப்பொருள் குடுத்து ஒரு ஆய்வு பண்ணி 2023-ல வெளியிட்டாங்க, பத்தாயிரத்துக்கும் மேல குடும்பத்தாள்கள் அதுல இருந்தாங்க. கூடுதல் உணவு கிடைச்ச வீடுகள்ல புதுசா டிபி வர்றது ஏறக்குறைய 40 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. நோயாளியோட மாத்திரைக்கு பதிலா இல்ல, அதோட சேர்ந்து வீட்டுக்கே குடுத்த சாப்பாடு செஞ்ச வேலை அது.

இன்னொன்னு, இது பரம ஏழைங்களோட பிரச்சினை மட்டும்னு நினைச்சுடக் கூடாது. லண்டன்ல 1967-ல அரசு ஊழியர்கள வச்சே ஒரு ஆய்வு தொடங்குனாங்க, வொய்ட்ஹால் ஆய்வுன்னு பேரு. அதுல யாரும் பட்டினி கிடக்கல, எல்லாருக்கும் நிரந்தர வேலை, ஆபீஸ்ல பாக்குற வேலை. அப்படியிருந்தும் கீழ்மட்ட ஊழியர்கள் இதய நோயில சாகுறது மேல்மட்ட அதிகாரிகள விட ஏறக்குறைய மூணு மடங்கு இருந்துச்சு. சிகரெட், பிபி, கொலஸ்ட்ரால் எல்லாத்தையும் கணக்குல எடுத்தாலும் அந்த இடைவெளில பெரும்பகுதி அப்படியே நிக்குது. பின்னால நடந்த ஆய்வுகள்ல, தன் வேலைய தானே தீர்மானிக்க முடியாம இருக்குற நிலைமைக்கு இதுல பெரிய பங்கு இருக்குன்னு தெரிஞ்சுது. எப்ப பாத்ரூம் போறதுங்குறதக் கூட இன்னொருத்தர் முடிவு பண்ற வேலைய பத்தி நான் தனியா சொல்ல வேண்டியதில்ல.

பக்கத்து பக்கத்து இடங்களுக்குள்ளயும் இந்த வித்தியாசம் இருக்கு. ஸ்காட்லாந்துல இருக்குற கிளாஸ்கோ நகரத்துல கால்ட்டன் பகுதியில ஆம்பளைங்களோட சராசரி ஆயுசு 54-ஆ இருந்துச்சு, சில மைல் தள்ளி லென்ஸிங்குற ஊர்ல 82. இத 2008-ல உலக சுகாதார நிறுவனத்தோட ஆணையமே எடுத்துக் காட்டுச்சு. நடுவுல இருக்குறது மலையோ கடலோ இல்ல ஐயா. அதே நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல சேர்ந்து சொன்ன கணக்கும் இருக்கு, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாக்குறவங்களுக்கு, 35-40 மணி நேரம் பாக்குறவங்கள விட பக்கவாதம் வர்ற ஆபத்து 35 சதவீதம் கூடுதலாம். அவங்கள கூப்பிட்டு தினமும் வாக்கிங் போங்கன்னு சொன்னா எந்த நேரத்துல போவாங்க?

இப்ப நான் கேக்குறதுக்கு வர்றேன். புது கட்டடம் கேக்கல, புது மெஷின் கேக்கல. சீட்டுலயும் கம்ப்யூட்டர் பதிவுலயும் நாலு கேள்விக்கு இடம் குடுங்க: என்ன வேலை எத்தன மணி நேரம், அங்க கழிப்பறையும் குடிதண்ணியும் இருக்கா, ஒரு ரூம்ல எத்தன பேர் படுக்குறாங்க, சமையல் புகை, சுவர் ஈரம் மாதிரி வீட்ல ஏதாவது இருக்கா. டாக்டர் கேக்க வேண்டாம், அவங்களுக்கு நேரம் கிடையாது, பிபி பாக்குற இடத்துல கேட்டு எழுதிட்டா போதும்.

எழுதி பீரோவுல வச்சுட்டா பிரயோஜனம் இல்லங்க, இந்த மனுல எனக்கு முக்கியமே இதுக்கு அப்புறம் வர்றது தான். ஒரே வேலை இடத்துல இருந்தோ ஒரே குடியிருப்புல இருந்தோ ஒரே மாதிரி நோயோட மூணு நாலு பேர் வந்தா அது தானாவே சம்பந்தப்பட்ட துறைக்கு போகணும், முப்பது நாளைக்குள்ள நேர்ல போய் பாத்து என்ன செஞ்சோம்னு ஆஸ்பத்திரிக்கு எழுத்துல பதில் வரணும். தனி ஆள் பேர் எந்தக் காரணம் கொண்டும் வெளிய போகக் கூடாது. இத அழுத்தி சொல்றேன், ஏன்னா இந்த மனு எழுதப் போறேன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வியே எம்பேரு வருமாடா, வேலை போயிருமேன்னு தான். அதனாலதான் ஒருத்தர வச்சு இல்லாம மூணு நாலு பேர சேத்து அனுப்பச் சொல்றேன், யார் சொன்னாங்கன்னு கண்டுபிடிக்க முடியாது.

இதெல்லாம் எங்க துறை வேலை இல்லையேன்னு ஒரு பதில் வரலாம்னு எனக்கு தெரியும். பாத்ரூம் தொழிலாளர் துறை, ஈரச்சுவர் வீட்டு வசதி, தண்ணி இன்னொரு துறைன்னு பிரிஞ்சு கிடக்குறது உண்மை தான். ஆனா அந்த எல்லா துறையோட குறையும் கடைசியில வந்து வரிசையில நிக்கிறது உங்க ஆஸ்பத்திரி வாசல்ல தான், அதுக்கு மருந்து செலவு பண்றதும் உங்க துறை தான். மொதல்ல கண்ணுல படுறது உங்களுக்குத்தான்ங்குறதால தான் உங்ககிட்ட கேக்குறேன். எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல முடியலன்னா ஒரு ஆஸ்பத்திரியில ஆறு மாசம் செஞ்சு பாருங்க, என்ன வந்துச்சுன்னு வெளியிடுங்க.

இந்த மனுவுக்கு எழுத்துல பதில் தரணும்னு கேட்டுக்குறேன். நேர்ல கூப்பிட்டா ஒரு நாள் லீவு போட்டு வர்றேன். அக்காவோட சம்மதத்தோட, பேர மறைச்சு, நாலு சீட்டோட நகலையும் இணைச்சிருக்கேன். நாலுலயும் கடைசி வரி ஒண்ணுதான், தண்ணீர் அதிகம் குடிக்கவும்னு இருக்கும், பாருங்க.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் தம்பி

இணைப்பு: சீட்டு நகல்கள் – 4