முதல் வாரத்திலேயே ஒருவர் வந்து பக்கத்தில் உட்காரட்டும்

மும்பை அரசு மருத்துவமனைகளில் எலும்பு சிகிச்சை வார்டுகளைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர்களுக்கும் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் தாராவியில் இருக்கிறேன். போன வருட மழைக்காலத்தில், மாட்டுங்காவுக்கும் சயனுக்கும் நடுவே, லோக்கல் ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு வந்த என் தம்பி கீழே விழுந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவன் உயிரை மீட்டுக் கொடுத்தது உங்களைப் போன்ற டாக்டர்கள்தான். அந்த நன்றி எங்கள் வீட்டில் என்றைக்கும் இருக்கும். அதற்கப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம்.

கால் எடுத்த மூன்றாம் நாள், "அக்கா, கட்டைவிரல் அரிக்குது, சொறிஞ்சு விடு" என்றான். எந்தக் கால் என்றேன். இல்லாத காலைக் காட்டினான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். மறுநாள் கோயிலிலிருந்து கறுப்புக் கயிறு வாங்கி வந்து கட்டினாள். பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நம்பினோம். அவனும் அப்படித்தான் பயந்திருக்கிறான். அப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கால் இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இப்படித் தோன்றும், சிலருக்குக் கடும் வலியாகவே வரும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் போதும். இந்த வலிக்குக் கண்ணாடியை வைத்துச் செய்யும் பயிற்சியைக் கொண்டுவந்த மூளை ஆராய்ச்சியாளர் வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம்மவர் ஒருவர் உலகத்துக்கே சொன்ன விஷயம், எங்கள் கட்டில் வரைக்கும் வரவில்லை.

ரவுண்ட்ஸில் "கைசா ஹை?" (எப்படி இருக்கே?) என்று இந்தியில் கேட்பார்கள். "டீக் ஹை" (நல்லா இருக்கேன்) என்பான். புண் ஆறியது, காய்ச்சல் இல்லை, யாரையும் தொந்தரவு செய்யவில்லை. எல்லாருக்கும் அவன் நல்ல நோயாளி. ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தது எனக்குத்தான் தெரியும். இந்தியில் அவன் பேரம் பேசுவான், சண்டையும் போடுவான். பயத்தைச் சொல்ல அவனுக்குத் தமிழ்தான் வரும்.

வீட்டுக்கு வந்தபின் இன்னும் மோசமானது. எங்கள் ரூம் மாடியில் இருக்கிறது, ஏறி இறங்கச் செங்குத்தான இரும்பு ஏணி. தண்டவாளமும் பக்கம். விடியற்காலை முதல் ரயில் போகும்போதே அவனுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிடும். நான்கு மாதம் கீழே இறங்கவில்லை. தோல் பை தைக்கும் மெஷினில் அவன் பெடல் மிதித்தது அந்த இடது காலால்தான். "இனிமே நான் எதுக்குக்கா?" என்று ஒரு நாள் கேட்டான். பதறிப்போய், பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்த 14416-க்குப் போன் போட்டோம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இலவசம், தமிழிலும் பேசலாம். அன்றைக்குத்தான் அவன் விழுந்த நொடியைப் பற்றி முதன்முதலாக ஒருவரிடம் பேசினான். 1955-ல் தொடங்கிய மறுவாழ்வு நிறுவனம் மும்பை ஹாஜி அலியில் இருப்பதும், அங்கே செயற்கைக் கால் செய்வதும் அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

டாக்டர், பெரிய காயத்தோடு வருகிறவரிடம், முதல் வாரத்திலேயே மனநலம் படித்த ஒருவரோ, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரோ வந்து உட்காரட்டும். நாங்கள் கேட்டால் வரலாம் என்று இருக்காதீர்கள். இப்படி ஒன்றைக் கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல் என்று வற்புறுத்தவும் வேண்டாம், அதனால் பலன் இல்லை என்கிறார்கள். தூக்கம் வருகிறதா, சத்தம் கேட்டால் பதறுகிறதா, வீட்டில் மாடிப்படியா ஏணியா என்று அவருடைய மொழியில் கேளுங்கள். முதல் சில வாரப் பயம் பலருக்குத் தானாகவே தணிந்துவிடும் என்பதையும் சொல்லுங்கள். தூக்க மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள்; பயத்துக்கும் தூக்கமின்மைக்கும் முதல் மாதத்தில் பென்சோடயசெபின் வகை மாத்திரைகள் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லியிருக்கிறது. ஒரு மாதம் கழித்துப் புண்ணைப் பார்க்கக் கூப்பிடும்போது மனசையும் விசாரியுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் 14416 இருக்கட்டும்.

தம்பி இப்போது செயற்கைக் காலோடு ஏணி இறங்குகிறான். வலது காலால் பெடல் மிதிக்கப் பழகிவிட்டான். உங்கள் வார்டில் கால் போன தமிழ்ப் பையன் எவனாவது "டீக் ஹை" என்று சொல்லிக்கொண்டு படுத்திருந்தால், எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை இவனுக்கு லீவு. வருவான்.

இப்படிக்கு,
தாராவியிலிருந்து ஓர் அக்கா