யாளியைப் பிள்ளைகளுக்குக் காட்ட வழிவிடுங்கள்

மதிப்பிற்குரிய கோயில் செயல் அலுவலர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிப்பிராகார மண்டபம் இருக்கும் நிலையை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எங்கள் பாலர் வகுப்புப் பிள்ளைகளைப் போன வாரம் மண்டபத் தூண்களில் செதுக்கிய யாளியைப் பார்க்க அழைத்து வந்தோம். அவர்கள் பார்த்தது வரிசைக் கம்பிகளையும், அவற்றுக்குப் பின்னால் அடுக்கியிருந்த ஜமுக்காளங்களையும், அன்னதான அண்டாக்களையும்தான்.

நாலு வயதுப் பிள்ளைக்கு யாளியைத் தூரத்தில் காட்டிப் பயனில்லை. சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, பிதுங்கிய கண் எல்லாம் சரி. வாய்க்குள் கிடக்கிறதே கல் உருண்டை, அதுதான் விஷயம். பல்லிடுக்கு வழியே உளியை விட்டு அதே கல்லில் குடைந்த உருண்டை. இடுப்பில் தூக்கி வைத்தால் பிள்ளை விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. "இது எப்படி மிஸ் உள்ளே போச்சு?" என்று கேட்காத பிள்ளை கிடையாது. இப்போது அது உருளாது. வாய் நிறையக் குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு, மடித்துச் செருகிய அர்ச்சனைச் சீட்டு. கழுத்தில் கட்டுக்கம்பி, அதில் உபயதாரர் பிளெக்ஸ்.

கம்பிக்கு மேலாக ஒரு பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன். "சாமி கும்பிட வந்தீங்களா, பொம்மை பார்க்க வந்தீங்களா?" என்று உங்கள் காவலர் விரட்டினார். இரண்டுக்கும்தான் ஐயா.

பிள்ளைகளின் புத்தகப் பையில் டிராகன், தண்ணீர் பாட்டிலில் யூனிகார்ன். இருக்கட்டும், நல்லதுதான். டிராகனோடு பழகிய பிள்ளை யானைத் தந்தத்தைப் பிடுங்கும், அகநானூறு ஆளி என்று சொல்லும் யாளியோடும், யாழுக்கு மயங்கும் அசுணம் என்ற சங்கப்பாட்டு விலங்கோடும் ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆளி ஊருக்குள்ளேயே நின்றும் காட்ட முடியவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரே ஒரு வரிசைத் தூண்களுக்கு முன்னால் இருக்கும் கம்பியை நகர்த்துங்கள் என்றுதான் கேட்கிறோம். இடமில்லை என்பீர்கள். மதுரை மீனாட்சி கோயில் எதிரிலுள்ள புதுமண்டபத்தில் காலங்காலமாக இருந்த கடைகளையே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்ற முடிந்தது. நாலு அண்டாவுக்கா இடமில்லை? மாமல்லபுரம் பக்கத்துச் சாளுவன்குப்பம் புலிக்குகையில் பல்லவர் செதுக்கிய யாளித் தலைகளுக்கு எதிரில் எந்த அண்டாவும் இல்லை. இங்கே செருப்புக்குப் பலகை, செல்போனுக்குப் பலகை, சிறப்புத் தரிசனத்துக்கு மூன்று பலகை. யாளிக்கு ஒன்றுகூட இல்லை. யாளி தரிசனத்துக்கும் ஐம்பது ரூபாய்ச் சீட்டு போட்டால் அண்டா நகருமோ என்னவோ.

வார்த்தை நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். தெற்கு வரிசைக் கம்பியை மட்டும் நகர்த்தி, யாளி வாயைத் துப்புரவாக்கித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்காகக் கல்லையே தேய்த்துவிடும் மணல்வீச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்துவிடாதீர்கள், தயவுசெய்து. பங்குனித் திருவிழாவில் யாளி வாகனம் புறப்படுவதற்கு முன்னால் செய்து தந்தால், வீதியில் வருவது யாரென்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
பாலர் வகுப்பு ஆசிரியை ஒருவர்