அந்தக் கூடுதல் பட்டையைக் கழற்றிவிடு

அன்புள்ள மச்சான்,

பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவன் இதுவரை ஒரு வரி எழுதவில்லை. தப்புதான். வீட்டில் எல்லோரும் சுகம், அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. சின்னவன் பத்தாவது தேறிவிட்டான். கணக்கில் மாமாவைவிட அதிக மார்க் என்று உன்னிடம் கட்டாயம் சொல்லச் சொன்னான், சொல்லிவிட்டேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. போன மாதம் சோளக்காட்டில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை இறங்கினேன். 70 கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் தாண்டியாகிவிட்டது. இரண்டாவது கியரில்தான் வந்தேன். திடீரென்று பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பம்ப் பண்ணினேன், ஒன்றும் நிற்கவில்லை. பக்கத்தில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன் பார், கப்பென்று பிடித்தது. மலைப்பக்கத்து ஓடையில் சக்கரத்தை விட்டு நிறுத்தினேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, என் சட்டையைப் பிடித்த கையை மட்டும் வெகுநேரம் விடவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

ஒரு மணி நேரம் ஆறியதும் பெடல் பழையபடி வந்துவிட்டது. கீழே வந்து காட்டிய முதல் பட்டறையில் பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுமே, அந்த மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்றார்கள். மாற்றி, ஆயில் பைப்பில் இருந்த காற்றை எடுத்து, 4,000 ரூபாய்க்குப் பக்கம் வாங்கிக்கொண்டார்கள். காலி வண்டியை ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. பெடல் விட்டுப்போன நேரத்தில் ஹேண்ட் பிரேக் மட்டும் எப்படி அவ்வளவு நன்றாகப் பிடித்தது?

அந்தக் கேள்வியோடு நம்ம பழைய மெக்கானிக் பெரியவரிடம் போனேன். இப்போது கண் சரியில்லை, ஆனால் கை அப்படியே இருக்கிறது. லோடோடு வரச் சொல்லி, பத்து கிலோமீட்டர் ஓட்டி, பிரேக் போட்டுப் போட்டு நிறுத்தச் சொன்னார். இறங்கி ஒவ்வொரு சக்கரமாகக் கையைக் கொண்டுபோனார். முன்பக்கம் ஒரு சாண் தள்ளியே அனல் அடித்தது. பின்பக்க ட்ரம்மை உள்ளங்கையால் தொட முடிந்தது! "பின்னாடி ரெண்டும் சும்மா உருண்டுக்கிட்டு வருதுடா" என்றார். ட்ரம்மைக் கழற்றினால் உள்ளே பிரேக் லைனர் தேயாமல் புத்தம் புதுசு மாதிரி. ஹேண்ட் பிரேக் ஆயிலை நம்பாமல் பின்சக்கரத்தைக் கேபிளில் இழுத்துப் பிடிக்கிறது, அதனால்தான் அன்றைக்கு அது பிடித்தது.

காரணம் எது தெரியுமா? லோடு தாங்கட்டும் என்று நாமக்கல்லில் நீயும் நானும் ஒரே நாளில் பின்பக்க ஸ்பிரிங்கில் சேர்த்து அடித்தோமே, அந்தக் கூடுதல் பட்டை.

பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே சேசிஸில் இருக்கும் ஒரு வால்வுக்குப் போகிறது, பார்த்திருப்பாய். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வைத் தள்ளும், பின் சக்கரத்துக்கு பிரஷர் கூடும். காலியாக இருந்தால் பிரஷரைக் குறைத்துவிடும், இல்லையென்றால் பின்சக்கரம் லாக் ஆகி வால் ஒதுங்கும். நாம் பட்டையைச் சேர்த்து வண்டியைத் தூக்கிவிட்டோம். ஒன்றரை டன் ஏறினாலும் அது தாழ்வதில்லை, வால்வு காலி வண்டி என்றே நினைத்துக்கொள்கிறது. மொத்தப் பாரமும் முன் பிரேக்கின் தலையில். என் பிரேக் ஆயிலும் மூன்று வருஷப் பழசு. டாட் 3 ஆயில் புதிதில் 205 டிகிரி தாங்கும், ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்த ஆயிலில் ஆவி, ஆவியில் பெடல் நிற்காது.

பெரியவர் அதோடு விடவில்லை. கம்பியைக் கழற்றி, வால்வின் லிவரை லோடு ஏறிய நிலைக்குத் தூக்கிக் கட்டிவிட்டு ஓட்டச் சொன்னார். பின்சக்கரம் அழகாகப் பிடித்தது. வால்வு நல்ல வால்வு, நாம்தான் அதற்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம். பட்டையைக் கழற்றிவிட்டேன், கம்பியை அளவுப்படி மாட்டியாகிவிட்டது, ஆயில் முழுவதும் புதுசு. லோடைக் குறைத்துவிட்டேன். நடைக்கு வருமானம் குறைகிறது, குறையட்டும்.

இப்போது உன் கதை. பொங்கலன்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "பின் லைனர் நாலு வருஷமா மாத்தவே இல்ல, முன்னாடி பேட் மட்டும்தான் சீக்கிரம் போகுது" என்று பெருமையாகச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நானும் தலையாட்டினேன். போன வாரம் ராத்திரி அது ஞாபகம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நீ வாரம் இரண்டு நடை தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு திம்பம் இறங்குகிறாய். 27 வளைவு, முன்னால் கரும்பு லாரி, பின்னால் பஸ்.

போனில் சொன்னால் "சரிடா சரிடா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். தங்கச்சியையும் படிக்கச் சொல். அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன்னால் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, வண்டிக்கு அடியில் போய் அந்தக் கம்பியைப் பார். பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு, எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உன் மாப்பிள்ளை