இரவுப் பணியில் ஒரே ஒரு செவிலியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்ப்பது குறைந்து, கர்ப்பிணிகள் நகரத்து மருத்துவமனைகளையே நாடுகிறார்கள் என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அதில் அதிகாரிகள் பேசியிருந்தார்கள், மருத்துவர்கள் பேசியிருந்தார்கள். அங்கே பிள்ளை பெற்றவர்கள் யாரும் பேசியிருக்கவில்லை. என் இரண்டாவது மகள் மூன்று மாதங்களுக்கு முன்பு எங்கள் ஊருக்கு நான்கு கிலோமீட்டரில் உள்ள அப்படியொரு நிலையத்தில் பிறந்தாள் என்பதால் இதை எழுதுகிறேன்.

மூத்தவள் பிறந்தது நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில். சுகப்பிரசவம் என்றுதான் அதற்கும் பெயர். குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே சேரச் சொல்லி, டிரிப்பில் வலி வரவழைக்கும் மருந்து ஏற்றினார்கள். ஒன்பது மணி நேரம் மல்லாந்து படுத்தே கிடந்தேன். எழுந்து நடக்க எனக்கு அனுமதி இல்லை, உள்ளே வர என் அம்மாவுக்கு அனுமதி இல்லை. கடைசியில் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் வெட்டித் தையல் போட்டார்கள். அது ஆற ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. பழைய சேலையை வளையம்போல் சுருட்டி வைத்து, அதன்மேல் உட்கார்ந்துதான் பால் கொடுத்தேன். தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினோம் என்பதால் வழக்கு எதுவும் எனக்கில்லை. ஆனால் இரண்டாவது முறை உண்டானபோது வலியைவிட அந்தப் பிரசவ மேசையை நினைத்துத்தான் பயந்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. "தலைப்பிள்ளைக்குப் பெரிய ஆஸ்பத்திரி, இதுக்கு மட்டும் தர்மாஸ்பத்திரியா?" என்று என் மாமியார் கேட்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கிடைக்கும் 18,000 ரூபாய்க்காகப் போகிறாள் என்று உறவில் சிலர் சொன்னதும் காதில் விழுந்தது. (அந்தத் தொகையில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் விலையும் அடக்கம் என்பது அவர்களுக்குத் தெரியாது.) எங்கள் கிராம சுகாதார செவிலியர் மட்டும் நிதானமாகப் பேசினார். முதல் பிரசவம் அறுவை சிகிச்சை இல்லை, வயிற்றில் ஒரே குழந்தை, தலை கீழே இருக்கிறது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக உள்ளன, இரத்தச் சோகை இல்லை. இத்தனையும் கடைசி வரை இப்படியே இருந்தால் இங்கேயே பார்க்கலாம், ஒன்று மாறினாலும் வட்டத் தலைநகரிலுள்ள, சிக்கலான பிரசவங்களுக்கு அவசர சிகிச்சை தரும் சீமாங் மையத்துக்குப் போய்விட வேண்டும் என்றார். மருத்துவ அலுவலரும் ஒவ்வொரு பரிசோதனையிலும் அதையே சொன்னார். அந்த நிபந்தனைதான் எனக்குத் துணிச்சல் தந்தது.

வலி கண்ட இரவு ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பணியில் ஒரு செவிலியரும் ஒரு மருத்துவமனைப் பணியாளரும் இருந்தார்கள். பரிசோதித்துவிட்டு, "அஞ்சு சென்டிமீட்டர் திறந்திருக்கும்மா, படுக்க வேண்டாம், நடந்துக்கிட்டே இரு" என்றார் செவிலியர். வராந்தாவின் இரும்புக் கிராதியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வலி வரும்போதெல்லாம் அம்மா உள்ளங்கையால் என் இடுப்பை அழுத்திக்கொண்டு நின்றார். பிரசவ அறையில் பெண் துணை ஒருவர் இருக்கலாம் என்ற ஏற்பாடு தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே வந்துவிட்டது. பிரசவ அறையில் துணை என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அரை மணிக்கொரு தரம் செவிலியர் வந்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு, பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று பதிவு செய்யும் பார்ட்டோகிராஃப் தாளில் குறித்துவிட்டுப் போனார்.

மூன்று மணி இருக்கும். தேள் கொட்டியவர் ஒருவரை இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். அந்தக் கட்டடத்தில் ஊசி போடத் தெரிந்தவர் அப்போது அந்தச் செவிலியர் ஒருவர்தான். அவர் என் அம்மாவிடம், "முக்கணும்போல இருக்குன்னு சொன்னா உடனே சத்தம் குடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார். கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டார். அந்தக் கால் மணி நேரம் அம்மா என் முகத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததை மறக்க முடியவில்லை. மூன்று ஐம்பதுக்கு, நான் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்த நிலையிலேயே மகள் பிறந்தாள். மூன்று கிலோ நூறு கிராம். வெட்டு இல்லை, தையல் இல்லை. ஈரத்தோடு என் மார்பில் போட்டு, எனக்குத் தொடையில் ஊசி போட்டு, கொடியின் துடிப்பு அடங்கும்வரை காத்திருந்து பிறகுதான் வெட்டினார்.

நான் அறுவைப் பிரசவத்துக்கு எதிரி அல்ல. என் நாத்தனாரும் அவர் மகனும் இன்று உயிரோடு இருப்பது அதனால்தான். ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவை மூலம் நடந்தன. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் அது 63.8 விழுக்காடு. இந்தியா முழுமைக்கும் எடுத்தால் 21.5. தமிழ்நாட்டுப் பெண்களின் உடல்வாகில் மட்டும் அப்படி என்ன குறை என்று யாரேனும் விளக்கினால் நல்லது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 64,000 பிரசவங்களை ஆராய்ந்து 2011-ல் வெளியான ஆய்வு, சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் இரண்டாவது அல்லது அடுத்த பிள்ளையைச் செவிலிய மருத்துவச்சிகள் நடத்தும் பிரசவ மையங்களில் பெறும்போது குழந்தைக்கு ஆபத்து கூடுவதில்லை என்று கண்டது. மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே தனித்து இயங்கும் மையங்களிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தவர்கள் தலைப்பிரசவத்தில் 36 விழுக்காடு, அடுத்த பிரசவங்களில் 9 விழுக்காடு அளவே. அவர்களுடைய சாலையும் ஆம்புலன்சும் நம்முடையவை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கத் தகுந்த பிரசவம் என்று ஒன்று உண்டென்றால், முதலில் சுகமாகப் பெற்றவளின் இரண்டாவது பிரசவம்தான் அது.

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இரவு பகலாகப் பிரசவம் பார்க்கத் தொடங்கியது, நிலையத்துக்கு மூன்று செவிலியர்கள் என்ற ஏற்பாட்டால். மூன்று பேர், மூன்று பணிநேரம் என்றால் நேரத்துக்கு ஒருவர். ஒருவர் விடுப்பில் போனாலோ, பயிற்சிக்கோ முகாமுக்கோ அனுப்பப்பட்டாலோ கணக்கு உடைந்துவிடுகிறது. ஒவ்வொரு தாய் மரணமும் தணிக்கைக்கு உள்ளாவது முற்றிலும் சரி. ஆனால் தனியாக நிற்கும் ஒரு செவிலியர் அந்த விசாரணையை நினைத்து, சற்றே ஐயம் எழுந்தாலும் நூற்றெட்டை அழைத்து அனுப்பிவிடத்தானே பார்ப்பார்? நானாக இருந்தாலும் அதையே செய்வேன். பிரசவம் குறைகிறது என்று காரணம் காட்டி அங்கிருந்து செவிலியரை வேறிடத்துக்கு மாற்றினால், அடுத்த ஆண்டு எண்ணிக்கை இன்னும் குறையும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டுதான். பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு நிலையத்திலும் இரவில் இரண்டு செவிலியர்கள் இருக்க வேண்டும். மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி 18 மாதப் பயிற்சி பெற்று வரும் செவிலிய மருத்துவச்சிகளைப் பெரிய மருத்துவமனைகளோடு நிறுத்தாமல் எங்களைப் போன்ற ஊர்களுக்கும் அனுப்ப வேண்டும். குடிநீரும் கழிப்பறைத் தாழ்ப்பாளும் வேண்டும் என்று தனியே எழுதத் தேவையில்லை என நினைக்கிறேன்.

நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்குப் போனபோது அதே செவிலியர்தான் இருந்தார். தேள் கொட்டியவர் என்ன ஆனார் என்று கேட்டேன். மறுநாள் காலையே வீட்டுக்குப் போய்விட்டாராம். மூன்று செவிலியர் இடங்களில் ஒன்று எட்டு மாதமாகக் காலியாக இருப்பதாகவும், என் மகள் பிறந்த இரவு தான் தொடர்ந்து இரண்டாவது பணிநேரத்தில் நின்றிருந்ததாகவும் அப்போது சொன்னார்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.